கோராவின் நூலும் நமது பதிலும்

ஆந்திர நாத்திகர் கோரா (1902–1975) காந்தியடிகளுடன் தாம் நிகழ்த்திய உரையாடல்களை 1951இல் ஆங்கிலத்தில் சிறு நூலாக வெளியிட்டார். அதனை இறைமறுப்பு நூலென ஒதுக்கிவிடுதல் நமக்கு எளிது. ஆயினும், நாத்திகனின் வாழ்வு பொருளற்றதென நாம் பிரசங்கபீடத்தில் கூறிவருவதை அது அசைத்துவிடுகிறது.

கடவுளைச் சார்ந்திருத்தல் மனிதனைப் பொறுப்பினின்று விலக்குகிறது என்பதே கோராவின் வாதம். அதற்கு அவர் தம் வாழ்வையே சான்றாக்கினார். தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களுடன் உண்டார். 1948இல் சேவாகிராமத்தில் தம் மகளை அவர்களுள் ஒருவருக்கு மணமுடித்தார்.

தன்னை மட்டுமே நம்பும் மனிதன், தான் தவறும்போது எதனால் எழுவான்? இவ்வினாவை நாம் அவர்முன் வைக்கவே வேண்டும். ஆனால், திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெற்று, மணவுறவில் சாதி பார்க்கும் நமது சபைகள் அதற்குமுன் தம்மைத்தாமே சோதித்தறிவனவாக.