சொற்களை எண்ணியவர்கள்

ஏழைப் பெற்றோருக்குப் புத்திமதி கூறுவது எக்காலத்தும் இலகுவான காரியம். பிள்ளையோடு நிறையப் பேசுங்கள், கதை வாசித்துக் காட்டுங்கள், பாடசாலையில் அது தானாகவே முன்னேறும் என்பது முன்பள்ளிக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் உபதேசம். இதற்கு விஞ்ஞான மதிப்பைத் தேடித் தந்தவற்றுள் முக்கியமானது, பெற்றி ஹார்ட், ரொட் றிஸ்லி ஆகியோர் 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்ட நூலாகும்.

கன்சாஸ் நகரில் 42 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை, மாதம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டரை ஆண்டுகள் இவர்கள் பதிவு செய்தனர். அரச உதவிப்பணத்தில் வாழும் வீட்டுக் குழந்தை, உயர் உத்தியோகத்தர் வீட்டுக் குழந்தையைவிட, நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டனர். உழைப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் உதவிப்பணம் பெற்றவை 6 குடும்பங்களே. ஆறு வீடுகளைக் கொண்டு ஒரு வர்க்கத்தின் வாயை அளந்துவிடலாமா? பாட்டியும் மூத்த பிள்ளைகளும் குழந்தையைச் சூழப் பேசும் பேச்சையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறுகிறது என்பதை, டக்ளஸ் ஸ்பெரி முதலியோரின் ஆய்வு 2018இல் காட்டிற்று. குழந்தையை நோக்கிய நேர்ப்பேச்சே பயன் மிக்கது என மறுத்துரைத்தோரும் உளர். அதனையும் நாம் தள்ளிவிடவில்லை.

நமது மலையகத்தை எண்ணிப் பார்க்கிறோம். காலையில் கொழுந்துக்குப் போகும் தாய் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறாள். மாலையில் கொழுந்து நிறுத்து வந்தபின் விறகு, தண்ணீர், அடுப்பு. தாலாட்டுக்கும் விடுகதைக்கும் அவளிடம் பஞ்சமில்லை, பஞ்சம் நேரத்துக்கே. அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர் யார் என்று கேளாது, ஏன் பேசவில்லை என்று அவளை மட்டும் வினவுவது எவ்வகை ஆராய்ச்சி?

ஆயினும் லயத்துச் சொற்செல்வத்தைப் புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதும் நேர்மையன்று. ஆறாந் தரத்துக்கு வந்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். அச்செழுத்து வீட்டுக்குள் போகத்தான் வேண்டும். அதைக் கொண்டு போவது யார்? 1962 முதல் 1967 வரை மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தியில் நடந்த பெரி முன்பள்ளித் திட்டத்தில், சம்பளம் பெற்ற ஆசிரியைகள் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் வறிய கறுப்பினப் பிள்ளைகளின் வீடுகளுக்கே சென்று தாயோடும் பிள்ளையோடும் அமர்ந்தனர். அப்பிள்ளைகளில் பள்ளிப்படிப்பை முடித்தோர் விகிதம், திட்டத்தில் சேராத ஒத்த பிள்ளைகளினதைவிடப் பின்னாளில் உயர்ந்திருந்தது.

நாமோ பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கிறோம். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும் தாய் வராதபோது, பிள்ளையில் அக்கறையில்லாதவள் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம்.