நிலமும் பொழுதும்: சேய்மை நாடுகளைக் கற்பிக்கும் திரைப்படங்கள்

கண்ணாற் காணாத நாடொன்றை மாணவனுள்ளத்திற் பதியவைத்தல் ஆசிரியத் தொழிலுள் அரியதொரு பகுதியாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மலையோ கீரிமலை என்னும் பெயரளவிலேயே உண்டு. இத்தகைய சமநிலத்திற் பிறந்து வளர்ந்த சிறுவனுக்குப் பனியாற்றையும் எரிமலையையும் சொல்லால் மட்டும் விளக்கப் புகும் ஆசிரியர் படும் இடர்ப்பாடு சிறிதன்று. தேசப்படமும் பூகோளவுருண்டையும் அவருக்கு ஓரளவு துணைசெய்தன. பின்வந்த திரைப்படமோ அந்நாட்டையே வகுப்பறையுட் கொணர்ந்து நிறுத்தியது. இன்று அது காணொளி என்னும் பெயரோடு கைத்தொலைபேசியினுள்ளும் புகுந்துவிட்டது. கருவி மாறினும் வினா மாறவில்லை. படத்தைக் கண்ட மாணவன் அந்நாட்டை அறிந்தவனாவானா என்பதே அவ்வினா.

இதனை ஆராய்தற்குரிய அளவுகோல் தமிழிலக்கண மரபிலேயே உண்டு. தொல்காப்பியர் திணைப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுளுக்கு அமைந்த இவ்வகுப்பைத் திரைப்படத்தின்மேல் ஏற்றிப் பார்த்தல் பொருத்தமுடைத்து. நிலத்தையும் கருப்பொருளையும் காட்டுவதில் திரைப்படத்துக்கு நிகரான கருவி பிறிதில்லை. பொழுதின் நிலையோ வேறு. கார், கூதிர் என்னும் பருவங்களோடு அமையாது, ஆண்டு, காலம் எனவும் அச்சொல்லின் பொருளை விரித்துக்கொள்ளின், படம் பெரிதும் இடறுவது அவ்விடத்தேதான் என்பது புலனாகும்.

இவ்வகைப் படங்களுள் மூத்ததும் புகழ்மிக்கதுமாகிய ஒன்று, றொபேட் பிளாகேட்டி என்பார் 1922ஆம் ஆண்டு வெளியிட்ட 'வடபுலத்து நனூக்'. கனடாவின் அட்சன் குடாக்கரையில் வாழும் இனுவிற் மக்களைப் பற்றிய இப்படம் பல நாட்டு வகுப்பறைகளிற் காட்டப்பட்டது. உறைபனியை வெட்டி அடுக்கி வீடுகட்டும் காட்சியை ஒருமுறை கண்ட மாணவன் அதனை மறவான். நூலிற் பத்துப் பக்கம் படித்தும் பெறலாகாத தெளிவு அது. எனினும், உட்புறத்தைப் படம்பிடிக்க ஒளி போதாமையின், ஒருபக்கம் திறந்த பனிவீடொன்று அதற்கெனக் கட்டப்பட்டது. துவக்கு வழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், முன்னோர் கைக்கொண்ட எறியீட்டியாலே வேட்டையாடிக் காட்டுமாறு அம்மக்கள் வேண்டப்பட்டனர். நனூக் என்பதும் படத்துக்கென இட்ட பெயரே. அம்மனிதரின் இயற்பெயர் அலக்கரியலக். படத்துக்குப் பொருளுதவியதோ றெவியோன் என்னும் பிரெஞ்சு மென்மயிர்த்தோல் வாணிக நிறுவனம். இவற்றைக் காட்டிப் படம் முழுவதும் பொய்யென ஒதுக்குதல் முறையன்று. அம்மக்களின் கைத்திறனும் நெஞ்சுரமும் மெய்யே. பிழை பொழுதிலேதான் உள்ளது. தந்தையர் காலத்து வாழ்வு மைந்தர் காலத்து வாழ்வாகக் காட்டப்பட்டது. காண்பவனோ அதனை என்றுமுள்ள வாழ்வெனக் கொண்டான்.

பிறநாட்டுப் படத்தில் இத்தகைய குறையைக் கண்டறிதல் மாணவனுக்கு எளிதன்று. ஒப்புநோக்குதற்குரிய வேறறிவு அவனிடம் இல்லை. ஆதலின், அவன் பிறந்த நாடே பிறர்க்குச் சேய்மை நாடாகக் காட்டப்பட்ட படமொன்றை முதலில் ஆராய்தல் நன்று. அத்தகையதொரு படம் உண்டு. பசில் றைற் 1934ஆம் ஆண்டு இலங்கையிற் படம்பிடித்த 'சோங் ஒவ் சிலோன்', அஃதாவது 'இலங்கைக் கீதம்', என்பதே அது. யோன் கிறியேசனின் மேற்பார்வையில் உருவாகி, இலங்கைத் தேயிலை விளம்பரச் சபையின் பொருளுதவியால் நிறைவெய்திய இப்படம், 1935ஆம் ஆண்டு பிறசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவிற் பரிசும் பெற்றது.

நான்கு பகுதிகளாக அமைந்த இப்படத்தின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. சிவனொளிபாதமலை ஏறும் அடியாரின் தளர்நடையும், பொலன்னறுவைக் கற்சிலைகளின் அமைதியும், கண்டிய நடனப் பயிற்சியும் கண்ணைவிட்டு அகலா. வாணிகத்தைப் பற்றிய மூன்றாம் பகுதியே அறிவுக்கு மிக்க விருந்தாவது. இலங்கையர் உழைக்கும் காட்சியைக் கண் காண, சந்தை விலையும் கப்பற் செய்தியும் தந்தியோசையும் செவியில் விழுகின்றன. உழைப்பவன் ஓரிடத்தும் விலைகூறுபவன் வேறோரிடத்தும் இருக்கும் உலக வாணிகத்தின் இயல்பு, விரிவுரையின்றியே விளங்கிவிடுகின்றது. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தோரின் படத்துள் இத்துணை உண்மை இடம்பெற்றமை கலைஞனது ஆற்றலுக்குச் சான்று.

ஆயினும் பொழுதென்னும் அளவுகோல் ஈண்டும் குறையையே காட்டுகின்றது. கொழும்பு நகரத்து லயனல் வென்ற் தம் இனிய குரலால் வாசிக்கும் விளக்கவுரையின் பெரும்பகுதி, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியிட்ட நூலினின்று எடுத்தது. படமோ இருபதாம் நூற்றாண்டினது; உரையோ பதினேழாம் நூற்றாண்டினது. இரண்டும் இசைந்து நிற்றலின், இடைப்பட்ட இருநூற்றைம்பது ஆண்டுகளில் இந்நாட்டில் யாதும் நிகழவில்லை என்னும் மயக்கம் உண்டாகின்றது. நிகழ்ந்தனவோ பல. 1931இல் இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பையேற்றுப் பகிட்கரித்த குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கு, 1934ஆம் ஆண்டிலேயே தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டின் இறுதியில் மலேரியாக் காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. படப்பிடிப்பின் பின் நிகழ்ந்தவற்றைப் படம் காட்டவில்லையெனக் குறைகூறல் நீதியன்று. ஆனால், வாக்களித்தும் வாதிட்டும் வந்த மக்களை என்றும் மாறாத பழங்குடிகளாகக் காட்டியமை குறையே.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பனங்கூடலும் துலாக்கிணறும் புகையிலைத் தோட்டமும் இப்படத்தில் இடம்பெறவில்லை. இதனை மட்டும் கண்ட இலண்டன் மாணவன், தமிழ் வழங்கும் குடாநாடொன்று இத்தீவில் உண்டென்பதையே அறியான். படத்துள் ஒரு தீவு முழுவதும் அடங்காதுதான். ஆனால் பெயர் முழுத்தீவையும் குறிக்கும்போது, விடுபட்டது இல்லாததாகிவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்து உள்ளம் நோகும் யாழ்ப்பாணத்து மாணவன் அவ்வளவில் நின்றுவிடல் ஆகாது. கொழுந்து பறிக்கும் பெண்களை அவனும் அழகிய காட்சியாகவே கண்டிருத்தல் கூடும். அவர்கள் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தோர் என்பதும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர் என்பதும் அப்படத்திற் காணக்கிடையா. இலண்டன் மாணவனுக்கு யாழ்ப்பாணம் எத்துணைச் சேய்மையோ, யாழ்ப்பாணத்தானுக்கு மலையகமும் அத்துணைச் சேய்மையாக இருந்ததுண்டு. சேய்மை காதக்கணக்கால் மட்டும் அமைவதன்று.

கண்ணுக்குப் புலனாகாதன வேறும் உள. குடாநாட்டின் கிணற்றைப் படம்பிடிப்பின் நீர் தெரியும். மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களால் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்பதும், அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழுவதும் தெரியா. இவ்விடத்து அசையும் வரைபடம் பெரிதும் உதவும். நிலத்தின் அடியையும், மெல்ல நிகழும் மாற்றத்தையும் காட்டவல்லமை திரைப்படத்தின் தனியாற்றல். அதனை விடுத்து, வேற்று நாட்டாரின் உடையையும் ஆடலையும் மட்டும் காட்டும் படம் வேடிக்கையேயன்றிக் கல்வியாகாது.

எனவே, படத்தைக் காட்டுமுன் ஆசிரியர் செய்யவேண்டிய பணி உண்டு. எந்த ஆண்டிற் பிடித்த படம், யாருடைய பணத்தால் எடுத்தது, பேசுங்குரல் எவருடையது என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிடல் வேண்டும். படத்தை ஒருமுறை ஒலியின்றியும் ஒருமுறை ஒலியோடும் காட்டின், கண் கண்டது எது, செவி கேட்டு நம்பியது எது என மாணவன் பகுத்துணர்வான். பின்னர் அந்நாட்டார் தம்மைப்பற்றித் தாமே எழுதியதையோ எடுத்ததையோ அதனருகில் வைத்து ஒப்பிடச் செய்தல் வேண்டும்.

இன்று யாழ்ப்பாணத்துச் சிறுவன் தொறொன்ரோவிலுள்ள மாமன் வீட்டு முற்றத்துப் பனியைக் கைத்தொலைபேசியிற் காண்கின்றான். பனியைக் கண்டான், அதனை விடியுமுன் வாரி ஒதுக்கி வேலைக்குச் செல்லும் மாமனது வாழ்வை அறிந்தானல்லன். வினவினாலன்றி அது விளங்காது. நிலத்தைக் காட்டுதல் படத்தின் தொழில். பொழுதைச் சேர்த்து ஒழுக்கத்தை உணர்த்துதல் ஆசிரியரின் தொழில். இவ்விரண்டும் கூடிய வகுப்பறையிலேதான் சேய்மை நாடு அண்மை நாடாகும்.