துணை கிடைக்கும் நேரம்

தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும், பொழுது சாய்ந்த பிறகு, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "எத்தனை நாளா மூச்சு வாங்குது?" "மூணு நாளா." "அப்பவே ஏன் வரல?" "பையன் இன்னைக்குத்தான் வேலையிலிருந்து வந்தான்." முதியவர்கள் ஏன் அவசரப் பிரிவையே நாடுகிறார்கள் என்பதற்கான விடையின் பெரும்பகுதி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. நோய் வந்த நேரத்தில் அவர்களால் வர முடிவதில்லை. துணை கிடைத்த நேரத்தில் வருகிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25 லட்சம் மக்கள். அவர்களில் ஐந்தில் நால்வர் கிராமத்தினர். செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலைப் பக்கத்து இளைஞர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஊரில் தங்கிய பிள்ளைக்கும் கூலி பகலில்தான். புறநோயாளிப் பிரிவோ பெரும்பாலும் காலை நேரத்து ஏற்பாடு. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு இன்னொன்று, முடிவு வாங்க மறுபடி ஒரு நாள். முழங்கால் வலியோடு நிற்பவருக்கு அந்த வரிசையே ஒரு நோய். தனியார் கிளினிக்குக்குப் போகலாமென்றால், மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் ஆட்டோவுக்கும் பரிசோதனைக்கும் போதாது. அவசரப் பிரிவில் ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இரவில் நடக்கும். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் காசில்லாமல் வந்து ஏற்றிச் செல்கிறது. 2013-இல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, எல்லாவற்றுக்கும் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ ஓட வேண்டியதும் இல்லை. இத்தனையும் எண்ணிப் பார்த்தவரை அறியாமையில் வந்தவர் என்று கடிந்துகொள்வது நியாயமில்லை.

மருத்துவமும் முதியவரின் பக்கமே பேசுகிறது. எழுபது வயதில் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே, வெறும் களைப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ வரலாம். சிறுநீர்த் தொற்று காய்ச்சல் காட்டாமல் மனக்குழப்பமாக வெளிப்படலாம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "சும்மா தலைசுத்தல்" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினால் உயிரே போகலாம்.

ஆனாலும் அவசரப் பிரிவு முதுமைக்காக அமைக்கப்பட்டதல்ல. விபத்தில் ரத்தம் சொட்ட வருபவரை முதலில் பார்ப்பதே அங்கே அறம். முதியவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஓயாத விளக்கும் இரைச்சலும், உயரமான ஸ்ட்ரெச்சரும், அறிமுகமற்ற முகங்களும் சேர்ந்து, தெளிவாக வந்தவரையே குழப்பத்தில் தள்ளக்கூடும். எந்த மாத்திரை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று பணியிலிருக்கும் மருத்துவருக்குத் தெரியாது. "அந்த வெள்ளை மாத்திரை" என்பதுதான் கிடைக்கும் ஒரே குறிப்பு. ஏறிய சர்க்கரை அன்றைக்கு இறங்கும். ஏறிய காரணம் அவரோடு வீட்டுக்குத் திரும்பும். சில வாரங்களில் அதே வாசல், வேறு மருத்துவர்.

திருவண்ணாமலையில் இன்னொரு கூட்டமும் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரங்களில், குடும்பத்தை விட்டு வந்த முதிய சாதுக்கள் வாழ்கிறார்கள். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பாதை நெடுக மருத்துவ முகாம் போடுகிறோம்; மற்ற நாட்களில் அவர்களுக்கு வழக்கமான மருத்துவர் யார்? "கூட யாரு வந்திருக்காங்க?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அவர்களை, மயங்கி விழுந்த பிறகு 108 தான் கொண்டுவந்து சேர்க்கிறது. துணையில்லாதவருக்கு அவசரப் பிரிவு முதல் மருத்துவமாகவும் கடைசி மருத்துவமாகவும் ஆகிவிடுகிறது.

முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதல்ல. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. மத்திய அரசின் முதியோர் நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனையில் தனி வார்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாராந்திர முதியோர் சிகிச்சையும் வேண்டும் என்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. துணை இல்லாத வீட்டுக்குள் மருத்துவம் நுழைந்த வழி அது. அதன் பெருமை பெரிது. ஆனால் அது தெரிந்த நோய்க்கான மாத்திரை. புதிதாக வந்த மூச்சுத்திணறலுக்கு அதில் இடமில்லை. இரவில் அவசரப் பிரிவில் நடந்தது வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளரின் காதுக்கு எட்டுவதும் இல்லை.

சரிசெய்ய வேண்டியது அவசரப் பிரிவுக்கும் வீட்டுக்கும் இடையே அறுந்திருக்கும் இந்த இணைப்பைத்தான். அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு முதியவரின் விவரமும் அவர் ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்குப் போக வேண்டும். அந்தப் பணியாளர் இரண்டு நாளுக்குள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். கூலி முடிந்து பிள்ளை திரும்பும் மாலையில் முதியோர் புறநோயாளிப் பிரிவு இயங்க வேண்டும். தனியாக வருபவரின் கையைப் பிடித்து வரிசைகளைக் கடத்திவிட மருத்துவமனையிலேயே ஓர் ஆள் வேண்டும். துணையையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாக அரசு எண்ணத் தொடங்கினால், மூன்று நாள் மூச்சு வாங்கிய அந்தப் பெரியவர் முதல் நாளே வந்துவிடுவார்.