திரும்பி வரக்கூடாத கப்பல்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதை எம்போன்ற எழுத்தர்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. கருந்துளையை இவற்றுள் எதன்பாற் படுத்துவது? 1997இல் பால் ஆண்டர்சன் இயக்கத்தில் வெளிவந்த ‘ஈவென்ட் ஹொரைசன்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் கல்லூரியில் பயிலும் மகனோடு அக்ரஹாரத்து வீட்டில் கண்டபோது எழுந்த வினா இது.

படம் ஐயமின்றி அணங்கு என்றே விடை தருகிறது. செயற்கைக் கருந்துளையைப் பொறியாகக் கொண்ட விண்கப்பல் ஒன்று காணாமற்போய், ஏழாண்டு கழித்து நெப்டியூன் கோளருகே மீள்கிறது. அது சென்று வந்த இடம் நரகம். தேடிச் சென்றோரை அவரவர் குற்றவுணர்வே உருக்கொண்டு வதைக்கிறது. கப்பலை வடிவமைத்த அறிஞர்முன் இறந்த மனைவி. மீட்புத் தலைவர்முன் தாம் தீயில் கைவிட்ட தோழன். இப்பகுதி மெய்யாகவே நன்று. பின்னர்க் குருதி பெருகப் பெருகக் கலை வற்றிவிடுகிறது. டிஸ்னி நிறுவனத்தாரின் ‘தி பிளாக் ஹோல்’ (1979) படமும் துளைக்குள் எரிநரகத்தையே காட்டிற்று.

ஆயினும் என் குறை குருதியைப் பற்றியதன்று. ‘ஈவென்ட் ஹொரைசன்’ என்றால் நிகழ்வெல்லை. கடந்தபின் ஒளியும் மீளவொண்ணாத வரம்பு. அப்பெயர் தாங்கிய கப்பலே மீண்டு வருகிறது, செய்தியோடும் வருகிறது! மேலிடத்துக்குப் போன கோப்பு கூட அத்துணை எளிதில் திரும்புவதில்லை.

அறிவியலார் கூறும் கருந்துளை எவரையும் தேடி வந்து விழுங்குவதன்று. ஞாயிறு மூன்று கிலோமீட்டர் ஆரத்துள் ஒடுங்கிக் கருந்துளையாயிற்று என்று கொள்வோம் (அதற்குரிய நிறை அதற்கில்லை). அப்போதும் பூமி இன்றைய பாதையிலேயே சுற்றிவரும். குளிரால் மடிவோமேயன்றி உள்ளே இழுக்கப்படோம். எல்லையை நோக்கிச் செல்பவனைத் தொலைவில் நிற்பவர் காணும் காட்சியோ வேறு. அவன் இயக்கம் தளர்கிறது. அவனிடமிருந்து வரும் ஒளி சிவந்து மங்கி மறைகிறது. அவன் எல்லை கடந்ததை அவர் காண்பதேயில்லை. அவனோ கடந்து போயிருப்பான். ரயிலடியில் நின்று வழியனுப்பியவர்களுக்கு இது விளங்கும். தொல்காப்பியரின் அழுகைக்குரிய நான்கனுள் ‘இழவு’ என்பதே இதற்குப் பொருந்தும் என்பேன்.

இக்கணக்கின் வாயிலைத் திறந்தவர் நம்மவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930 ஜூலை இறுதியில், பத்தொன்பது வயதில், பம்பாயில் கப்பலேறினார். எரிந்தடங்கிய விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்புண்டு என்பதை அப்பயணத்திலேயே கணித்தார். ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதற்கு மிஞ்சினால் அது வெண்குறுமீனாக நிலைக்காது. 1935இல் எடிங்டன் லண்டனில் அவையறிய எள்ளினார். நோபெல் பரிசு வந்தது 1983இல். கப்பலேறியபோது தாயார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார்; போய்வா என்று ஊக்கியவரும் அவரே. 1931இல் அவர் மறைந்தார். மகன் தாயகம் வந்தது 1936இல்.

நான் கண்ட படங்களுள் இவ்விழவைத் தொட்டது கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) ஒன்றே. கருந்துளையருகே உள்ள கோளில் ஒரு மணி, பூமியில் ஏழாண்டு. திரும்பிய தந்தை, இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை அமர்ந்து பார்க்கிறார். அக்காட்சியில் பேயில்லை, என் மகன் அன்று எழுந்து போய்விட்டான். எனினும் துளைக்குள்ளிருந்து மகளுக்குச் செய்தி அனுப்ப வைத்து அப்படமும் இறுதியில் சறுக்குகிறது.

ஓசை வேண்டுமெனில் அதுவும் உண்டு. எல்லைக்கு வெளியே எழுவது. இம்மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சி.வி. விசுவேசுவரா, குலைவுற்ற கருந்துளை அடித்த மணிபோல் அதிர்ந்தடங்கும் என்று 1970இல் கணக்கிட்டுக் காட்டினார். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் ஒன்றிய அதிர்வை 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்கக் கருவிகள் பதிந்தன. 2017 ஜனவரியில் மறைந்த அப்பெரியார் அதனைக் காண உயிரோடிருந்தார். முழு நிகழ்வும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே நீடித்தது.