பெயரற்ற படங்களும் படமற்ற பெயர்களும்
மாத்தளைப் பிரதேசத்துக் குடும்ப நிழற்படங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாறு எழுதப்படுகையில், தோட்டத்துரைமாரின் கணக்கேடுகளும் ஆளுநர்களின் அறிக்கைகளும் பெறும் இடத்தைத் தொழிலாளர் வீட்டுச் சுவரிலே தொங்கும் நிழற்படம் பெறுவதில்லை. அது உணர்ச்சிக்குரிய பொருளேயன்றி ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையை முன்வைத்து இதனை ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயிலாக அமைந்த இவ்விடத்திலிருந்தே அவர்களுட் பலர் வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 2023ஆம் ஆண்டு மலையக மக்கள் தமது இருநூறாவது ஆண்டினை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரில் ஜூலை 28ஆம் திகதி தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிவுற்றமை இவ்வரலாற்றுத் தொடர்பு பற்றியே.

இந்நினைவுகூரலையொட்டிப் பழைய நிழற்படங்கள் மீது புதிய ஆர்வம் பிறந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், மலர்களிலும் பதாகைகளிலும் எடுத்தாளப்படும் படங்கள் எவை என்று நாம் கேட்கவேண்டும். கூடை சுமந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் 'நம் முன்னோர் வருகை'க்குச் சான்றாக அச்சிடப்படுகிறது. முதற்கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் வந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டு 1823. நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். தேயிலை பெருந்தோட்டப் பயிராகியது கோப்பி நோயுற்று அழிந்த பின்னரேயாகும். ஆகவே முதலில் நடந்து வந்தோரின் படம் எதுவும் இருத்தல் இயலாது. இல்லாத படத்தின் இடத்திலே வேறொரு காலத்துப் படத்தை வைப்பது, அவ்வின்மையே உணர்த்தும் உண்மையை மறைப்பதாகும்.

அக்காலனித்துவப் படங்களின் இயல்பை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஆங்கில நிழற்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். இவர் கணவரே கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவிற் பணியாற்றியவர். இங்கு கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். இங்கிலாந்தில் அவ்வம்மையார் எடுத்த படங்களிலே கவிஞர் தெனிசனும் விஞ்ஞானி டார்வினும் தத்தம் பெயர்களோடு விளங்குகின்றனர். இலங்கையில் அதே கலைத்திறனோடு எடுத்த படங்களில் இருப்போரோ பெரும்பாலும் பெயரற்றவர். ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதாகும். பின்னாளிற் கொழும்பில் இயங்கிய வணிக நிலையங்கள் அஞ்சலட்டைகளுக்காக எடுத்த படங்களில் 'தமிழ்க் கூலி' என்னும் இனப்பெயர் ஆட்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உழைப்பு படத்தில் உண்டு. உழைத்தவர் பெயர் இல்லை.

குடும்பப் படம் இதற்கு நேர்மாறானது. நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்திலே, வரையப்பட்ட திரைச்சீலையின் முன்னே, இருந்தவற்றுள் நல்ல சேலையை உடுத்து நின்ற பெண்ணுக்குப் பெயர் உண்டு, உறவு உண்டு. இவர் அப்பாயி, இவர் பெரியப்பா என்று வீட்டார் சுட்டிக் காட்டுவர். ஆனால் அப்படத்திலே கொழுந்துக் கூடை இல்லை. றப்பர் வாளி இல்லை. லயத்து அறை இல்லை. அன்றாடம் சுமத்தப்பட்ட கோலத்தை ஒரு நாளேனும் களைந்துவைக்கும் விருப்பம் அங்கே செயற்பட்டுள்ளது. அதனைப் பொய்த்தோற்றம் என்று இகழ்தல் தகாது. தன்னைத் தான் விரும்பியவாறு காட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஒரு வர்க்கம், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய உரிமை அது. ஆயினும், பெயர் நிலைத்த அப்படத்திலே உழைப்பு மறைந்துபோகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மூன்றாவது வகைப் படம் அரசு கேட்டுப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கடவுச்சீட்டுக்காக எடுத்த படத்திலே பெயரும் இலக்கமும் உண்டு. அருகில் நிற்கவேண்டிய தம்பி இல்லை. அவர் வேறொரு நாட்டின் கோப்பிலே இருக்கிறார்.

ஒரு குடும்பத்தின் கிளைகளே இவ்வாறு பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலேறுமுன் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தின் பிரதியொன்று இங்கும் மற்றொன்று தமிழகத்திலும் இருக்குமாயின், அவ்விரண்டும் ஒரே படமல்ல. இங்குள்ள பிரதி போனவரை நினைப்பது. அங்குள்ளது நின்றவரை நினைப்பது. ஜோன் பேர்ஜரும் ஜீன் மோரும் 1975இல் வெளியிட்ட 'ஏழாவது மனிதன்' என்னும் நூல் இதனை ஒத்த செய்தியொன்றைத் தருகிறது. களவாக எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்ற போர்த்துக்கேயத் தொழிலாளர் தம் படத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வழிகாட்டியிடம் கொடுத்து, மறுபாதியைத் தாம் வைத்துக்கொள்வர். நலமாகச் சேர்ந்ததும் தம் பாதியை வீட்டுக்கு அனுப்புவர். வழிகாட்டி கொணரும் பாதியோடு அது பொருந்தினாற்றான் அவனுக்குக் கூலி. அங்கே இரு பாதிகளும் ஒன்றுசேர்ந்தன. இங்கோ 1984இல் கப்பற்போக்குவரத்து நின்றபின் இணைவதற்கான வழியும் அடைபட்டது.

எஞ்சிய படங்களும் யாவும் தப்பவில்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயல்களால் மலையகத்தினின்றும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு ஓடியோர் கைக்கு அகப்பட்டதையே எடுத்துச் சென்றனர். 1983 ஜூலையில் மாத்தளை நகரும் தீக்கிரையாயிற்று. தீயில் எரிந்த படங்களுக்குப் பிரதி இல்லை. அத்தகைய வீடுகளிலே படம் இல்லாமல் பெயர் மாத்திரம் பேச்சில் வாழ்கிறது.

இவ்விடத்திலேதான் நினைவு என்பது தனிமனித ஏக்கமாக நின்றுவிடாது வரலாற்றுச் சான்றாகிறது. பெயரற்ற படத்துக்கும் படமற்ற பெயருக்கும் இடையே இணைப்பாக இருப்பது முதியோரின் சொல் ஒன்றே. படத்தில் உள்ளவர் யார் என்பதோடு, அவர் எத்தோட்டத்தில் என்ன வேலை செய்தார், யார் துண்டில் வந்தார், அச்சேலை எவருடையது, படத்துக்கு வராமல் விடப்பட்டவர் யார் என்பனவற்றையும் அச்சொல்லே கூறவல்லது. நினைவும் பிழைபடக் கூடியதே. சாதியையும் கடனையும் பெண்களின் துயரையும் அது பலவேளை விழுங்கிவிடும். ஆயினும் அறிக்கைகளை ஐயுற்று ஒப்பிட்டு ஆராய்வதுபோல நினைவையும் ஆராயலாம். ஆராய மறுப்பதற்கு அது காரணமாகாது.

கம்பளைக்கு அண்மையில் பாரதெக்கவில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமும், நூலக நிறுவனத்தின் எண்ணிம ஆவணப்படுத்தலும் இத்துறையில் நல்ல தொடக்கங்கள். ஆனால் படத்தை மாத்திரம் பிரதிசெய்து, சொல்வோரின் குரலை விட்டுவிட்டால், பெயரற்ற அஞ்சலட்டைகளின் வரிசையிலே இன்னொன்றைச் சேர்த்தவராவோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. பிரிந்த குடும்பங்களின் கதையை அது எழுதித் தரவில்லை. கப்பலேற்றி வழியனுப்பியபோது வளர்ந்தோராயிருந்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகின்றனர். மாத்தளையின் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் படமொன்றின் பின்புறத்திலே, அதில் உள்ளோரின் பெயரையும் ஊரையும் தொழிலையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராயின், அதுவே இவ்வாராய்ச்சியின் முதற்பணியாகும். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே அது செய்யப்படவேண்டும்.