இடமும் வலமும்

நேராக ஓடும் வண்டியைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆயினும் இடச் சக்கரமும் வலச் சக்கரமும், அவற்றின்மேல் அமர்ந்த பாரமும், கீழே விரிந்து கிடக்கும் சாலையும் தம்முள் இசைந்திருக்கும் வரையில்தான் அந்த நேரோட்டம் நிலைக்கும் என்பதையும், அவ்விசைவு முறிந்த இடத்தைக் கண்டறிவது எத்துணை நுட்பமான வித்தை என்பதையும் உணர வேண்டுமானால், அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்று வழங்கும் வீட்டு வண்டிகளைச் செப்பனிடும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் வேலையைப் பொறுமையோடு கவனிக்க வேண்டும். ஐயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் இத்தகைய வண்டிகளைக் கட்டத் தொடங்கியது. சமையலறை, படுக்கை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றையெல்லாம் சுமந்துகொண்டு மாநிலம் மாநிலமாகச் செல்லும் இந்த வாகனம் ஒருபுறமாக இழுக்கத் தொடங்கிவிட்டால், ஓட்டுபவர் பகல் முழுவதும் ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் வளைத்துப் பிடித்தபடியே போக நேரும். தோள் சலிக்கும், டயர் தேயும், யாத்திரையின் ஆனந்தம் அச்சமாக மாறும்.

காரணங்கள் எத்தனையாயினும் அவற்றின் சாரம் ஒன்றே: இரு பக்கங்களுக்கும் இடையில் ஏதோ ஒரு வேற்றுமை. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால், அதில் பாரம் கூடியதா, எதிர்த்தட்டில் குறைந்ததா என்று விசாரித்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும். அதுபோல வலப்புறம் இழுக்கும் வண்டியின் குற்றம் வலச் சக்கரத்தின் மிகையாகவும் இருக்கலாம், இடச் சக்கரத்தின் குறையாகவும் இருக்கலாம். ஆதலால் நல்ல மெக்கானிக் கருவியைக் கையில் எடுக்குமுன் கேள்விகளை எடுக்கிறார். எப்போதும் இழுக்கிறதா, பிரேக்கை மிதிக்கும்போது மட்டுமா? வலப்புறம் திரும்பி வந்த பின் வலத்துக்கும், இடப்புறம் திரும்பி வந்த பின் இடத்துக்கும் போக விரும்புகிறதா? பிரேக்கோடு மட்டும் தோன்றும் இழுப்பு பிரேக்கையே சுட்டும். கடைசியாகத் திரும்பிய திசையை மறக்க மாட்டாத வண்டியிலோ, கிரீஸ் வற்றி இறுகிய கிங் பின் முதலிய மூட்டுகளின்மீது சந்தேகம் செல்லும். எந்தப் பக்கமும் நிலையாக இழுக்காமல் அங்குமிங்கும் அலைவதாகச் சொன்னால், அது வேறு நோய். அதற்கு வேறு வழியில் விசாரணை நடக்கும்.

அடுத்ததாக அவர் சந்தேகிப்பது சாலையை. மழைநீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரத்தை நோக்கி நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் சரிவு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவோ வண்டிகள் வலப்புறமாகச் செல்லும் நாடு. ஆகவே எந்தப் பழுதும் இல்லாத வண்டிகூட அங்கே வலத்தை நோக்கிச் சற்றே நழுவும். இடப்புறம் சரிந்த பாதை ஒன்றைத் தேடி அதிலும் ஓட்டிப் பார்க்கிறார். அங்கே வண்டி இடத்துக்குப் போனால் குற்றம் சாலையினுடையது. அங்கும் பிடிவாதமாக வலத்துக்கே இழுத்தால்தான் குற்றம் வண்டியினுடையது.

டயரைப் பரீட்சிக்கும் முறையில்தான் இக்கலையின் அழகு எனக்கு முழுமையாகத் தென்படுகிறது. வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே காற்றழுத்தத்தை அளந்து, முன்சக்கரங்கள் இரண்டிலும் சமமாக்கி, உள்ளங்கையால் டயரின் முகத்தைக் குறுக்கே தடவி, தேய்மானத்தின் போக்கை அவர் வாசிக்கிறார். ரேடியல் டயரினுள் இருக்கும் எஃகுப் பட்டைகள் நடுவிலிருந்து சிறிது விலகி அமைந்துவிட்டால், வெளிப்பார்வைக்கு உருண்டையாகத் தெரியும் டயர் உண்மையில் ஒரு கூம்பின் இயல்பைப் பெற்றுவிடும். கூம்பு உருண்டால் ஒரு பக்கமாகத்தான் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத இக்குறையைக் கண்டுபிடிக்க அவர் செய்வதெல்லாம், முன்சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டி, அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதே. டயர் சென்ற பக்கம் இழுப்பும் சென்றால் அது அந்வயம். அந்த டயரை அடியோடு அகற்றியதும் இழுப்பும் அகன்றால் அது வியதிரேகம். நம் தர்க்க சாஸ்திரிகள் உண்மையை நிலைநாட்டக் கையாண்ட அதே இரட்டை நியாயம், அந்த சாஸ்திரத்தின் பெயரையும் கேட்டிராத ஒருவரின் கையில், ஜாக்கியும் ஸ்பானரும் துணையாக, பிழையின்றி நடக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற அவருடைய விரதத்துக்கு ஆதாரமும் இதுதான்: இரண்டை மாற்றி நோய் தீர்ந்தால், தீர்த்தது எது என்பதை ஒருநாளும் அறிய முடியாது.

டயர் குற்றமற்றதென்று தெரிந்த பின், சில மைல் தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, சக்கரம் சக்கரமாகச் சூட்டை அளக்கிறார். ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை இறுக்கும் காலிப்பரின் காற்றுத் திருகை அவர் சிறிது தளர்த்துகிறார். உடனே சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். ரப்பர்க் குழாயின் உட்சுவர் கிழிந்து, எண்ணெயை உள்ளே விட்டுத் திரும்ப விடாத கதவாக மாறியிருப்பது அதற்குப் பழகிய காரணம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ அதன் ஊசிகளோ துருவேறி இறுகியிருக்கின்றன. ஒரு திருகின் சிறு அசைவு, இரண்டு காரணங்களை இரு கூறாகப் பிளந்துவிடுகிறது!

சாதாரணக் காருக்கு இல்லாத ஒரு சிக்கல் வீட்டு வண்டிக்கு உண்டு. அது வீடாகவும் இருப்பதே அச்சிக்கல். அறுபது காலன் தண்ணீர் ஏறக்குறைய 500 பவுண்டு எடை. அந்தத் தொட்டி ஒரு பக்கத்தில் இருந்து, ஜெனரேட்டரும் குளிர்ப்பெட்டியும் அதே பக்கத்தில் சேர்ந்துவிட்டால், முன் அச்சின் இரு முனைகளும் சமபாரம் தாங்குவது எப்படி? ஆகவே பயணத்துக்குரிய சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில் ஒவ்வொரு முனையையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார்கள். 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. கட்டிய முன்சக்கர உந்துதல் கொண்ட மோட்டார் ஹோமில், பின்பாரத்தைத் தாங்குபவை காற்றுப்பைகள். அவற்றில் ஒரு பக்கத்துப் பை இளைத்தாலும் வண்டியின் நிலை மாறி, முன்சக்கரக் கோணங்களும் அதனோடு மாறிவிடும். உயரத்தைச் செம்மை செய்யாமல் கோணத்தை அளப்பவர், சாய்ந்த தரையில் சுவர் எழுப்புகிறார்.

இத்தனையும் முடிந்த பின்னரே, மற்றவர்கள் முதலில் ஓடிப்போய் நிற்கும் இடமாகிய, சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் மேடைக்கு வண்டி வருகிறது. முன் அச்சு முழுவதையும் திருப்பாமல் சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் அமைப்பை மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் கண்டார். அவருக்காக 1818-இல் லண்டனில் அதைக் காப்புரிமையாகப் பதிந்த ஆக்கர்மன் என்பவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இவ்வாறு சக்கரங்கள் தனித்தனியே திரும்புவதால் அவற்றின் கோணங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சக்கரம் திரும்பும் அச்சின் தலையைப் பின்னோக்கிச் சாய்த்தால் சக்கரம் தானாகவே நேருக்கு மீளும். காஸ்டர் எனப்படும் இக்கோணம் குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும். சக்கரத்தின் தலை வெளிநோக்கிச் சாய்வது கேம்பர். அது மிகுந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும். ஃபோர்டின் எஃப்-53 போன்று முன்புறம் ஒரே இரும்பு அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும் கொண்ட வண்டியில், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவான ஒரு மெல்லிய தகட்டைச் செருகிக் காஸ்டரைத் திருத்துகிறார்கள்.

இங்கேதான் கைதேர்ந்தவரின் பக்குவம் சிகரத்தை எட்டுகிறது. இரு பக்கத்துக் கோணங்களையும் எண்ணளவில் சமமாக்கி நிறுத்திவிடலாம். ஆனால் வண்டி ஓடப்போவது வலப்புறம் சரிந்த சாலையில் என்பதை அவர் மறப்பதில்லை. தயாரித்தவர் வகுத்த எல்லைக்குள்ளேயே இடக் காஸ்டரை அரைப்பாகை அளவு குறைத்து, சாலை வலத்துக்குத் தள்ளுவதை வண்டி இடத்துக்கு நாடுவதால் ஈடுசெய்கிறார். இவ்வாறு வேண்டுமென்றே வைத்த சிறு வேற்றுமையால் பிறக்கிறது நேரோட்டம்.

இழுப்பை மறைக்கும் துணைக்கருவிகளை மாட்டி அனுப்புவதும், ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப் பாகங்களைப் பூட்டிப் பார்ப்பதும் எளிது. அவற்றின் விலைச்சீட்டில் எழுதுவதற்குப் பொருள்களும் நிறைய உண்டு. காற்றைச் சமமாக்கி, சக்கரத்தை இடம் மாற்றி, ஒரு தகட்டைச் செருகி வண்டியைத் திருப்பிக் கொடுப்பவரோ சீட்டில் எழுதக்கூடியது அவருடைய நேரம் ஒன்றுதான். அந்த நேரத்துள் அடங்கிய நிதானத்துக்கும் நியாயத்துக்கும் உரிய கூலியை முணுமுணுக்காமல் கொடுப்பது, இக்கலையை மதிக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய முதல் மரியாதை.