அரசனின் கண்ணீரும் அரசியின் தீயும்

மாண்டாரை எண்ணி மனம் கலங்குவது பலவீனமா? பகுத்தறிவு பேசுவோர் கண்ணீர் விடலாகாதா? இப்படிக் கேட்போருக்கு விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து அச்சேற்றிய அந்நூலின் 245, 246 ஆம் பாடல்களை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே!

முதற்பாட்டு ஓர் அரசன் பாடியது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியை இழந்து நிற்கிறான். கள்ளி வளர்ந்த சுடுகாட்டிலே அவளை ஈமத்தீக்கு ஒப்படைத்துவிட்டு, என் உயிரைப் போக்காத இத்துயரம் எப்படிப் பெரிதாகும், அவள் போன பின்னும் வாழ்கிறேனே என்று தன்னையே கேட்கிறான். மேலுலகில் சந்திப்போம் என்ற ஆறுதல் இல்லை. விதியென்ற சமாதானம் இல்லை. துயரம் இருக்கிறது, அதை நேர்நின்று நோக்கும் நெஞ்சம் இருக்கிறது. பாட்டின் பெருமை அதுதான்.

அடுத்த பாட்டு ஓர் அரசி பாடியது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாய்வதைத் தடுக்கும் சான்றோரைச் சினந்து பாடுகிறாள். கற்பின் சிகரம் என்று இதைப் போற்றுவோர், அவள் கூறும் காரணத்தைக் கண்டும் காணாமல் செல்கின்றனர். நெய் தீண்டாத சோற்றுப் பிண்டம், எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக் கல்மேல் படுக்கை! இவற்றை அடுக்கிய பிறகே மாண்ட கணவனைக் குறிப்பிடுகிறாள். காதல் அழைத்தது உண்மை. கைம்மை விரட்டியதும் உண்மையன்றோ? தடுத்த சான்றோர் அந்தக் கல்படுக்கையை எடுத்தெறிய முன்வந்ததாகப் பாட்டிலே ஒரு சொல்லும் இல்லை!

ஒரே துயரம், இரண்டு தீர்ப்பு! ஆணுக்குக் கண்ணீர், அழுதபின் அரியணை. பெண்ணுக்குத் தீ, தப்பினால் பருக்கைக் கல்.

1829-இல் வங்காளத்திலும், மறு ஆண்டு சென்னை மாகாணத்திலும், சட்டம் வந்து அந்தத் தீயைத் தடை செய்தது. கைம்மைச் சடங்கு ஒழிந்ததா? ஊரப்பாக்கத்தில் கணவனை இழந்த பெண், பிழைப்புக்காக மின்சார ரயிலேறித் தாம்பரத்துக்கும் சென்னைக்கும் செல்கிறாள். அவள் உழைப்பை வேண்டாமென்பார் இல்லை. மணவீட்டில் அவள் எதிர்வந்தால் முகம் சுளிப்போர் இன்றும் உண்டு! 2022 மே மாதத்தில், மராட்டிய மாநிலத்துக் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் ஊராட்சி, தாலி அகற்றுவதும் வளையல் உடைப்பதும் பொட்டழிப்பதும் கூடாதெனத் தீர்மானம் செய்தது. ஒரு சிற்றூரால் முடிந்தது நம்மால் முடியாதா?

இறந்தவரை மறக்கச் சொல்லவில்லை பகுத்தறிவு. அழுபவள் மனமார அழட்டும், அருகிருந்து தேற்றுவோம். பூவையும் பொட்டையும் பறிக்க நீளும் கையைத் தடுப்போம். மாக்கோதைக்கு இருந்த உரிமை, அழுது பின் வாழும் உரிமை, நம் தெருப் பெண்ணுக்கும் வேண்டும்!